கறுத்த முத்தின் கூலிக் கணக்கு: ஐ.எம். விஜயனின் கிளப் வாழ்க்கை



நினைவுச் சொற்பொழிவு என்றால் ஒரு கவிஞரைப் பற்றியோ களப்போராளியைப் பற்றியோ பேசுவது நம் வழக்கம். இந்த ஆண்டு ஒரு கால்பந்தாட்டக்காரரைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். தலித் வரலாற்றை எழுதும்போது நிலம் வருகிறது, பள்ளிக்கூடம் வருகிறது, கோயில் நுழைவு வருகிறது, தேர்தல் வருகிறது. ஆடுகளம் மட்டும் பெரும்பாலும் விடுபட்டுப் போகிறது. அதைப் பொழுதுபோக்கு என்று ஒதுக்கி வைத்துவிடுகிறோம். ஆனால் அங்கேயும் உடலுழைப்பு விலை பேசப்படுகிறது. யாருடைய உடல், யார் பேசிய விலை, எத்தனை வருடத்துக்கு, அதற்குப் பிறகு என்ன என்ற கேள்விகள் வயலிலும் ஆலையிலும் எழுவது போலவே அங்கேயும் எழுகின்றன.

நான் பேசப்போகும் மனிதர் ஐ.எம். விஜயன். 'திமிரு' படத்தில் வில்லன் பக்கம் நின்ற அந்தக் கறுத்த, உயர்ந்த மனிதர் என்றால் இங்கே பலருக்கு முகம் நினைவுக்கு வரும். 'பிகில்' பார்த்தவர்களும் அவரைப் பார்த்திருப்பார்கள். ஆனால் சினிமாவுக்கு வருமுன்பே அவர் இந்தியாவின் மிகச் சிறந்த முன்வரிசை ஆட்டக்காரர். 1993, 1997, 1999 என மூன்று முறை அகில இந்திய கால்பந்துக் கூட்டமைப்பின் ஆண்டின் சிறந்த வீரர் விருதைப் பெற்றவர். இந்திய அணிக்குத் தலைமை தாங்கியவர். திருச்சூரில் ஒரு ஏழை தலித் குடும்பத்தில் 1969 ஏப்ரல் 25 அன்று பிறந்தவர். நமக்கு அவர் அயலாரும் அல்லர். நம் புதுச்சேரியின் மாஹே, பந்தாட்டம் ஊறிய கண்ணூருக்கும் கோழிக்கோட்டுக்கும் நடுவில்தான் இருக்கிறது.

அவருடைய திறமையைப் புகழ நான் வரவில்லை. அதைச் செய்யக் கேரளத்திலும் வங்காளத்திலும் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். அவர் ஏன் இத்தனை முறை அணி மாறினார் என்ற ஒரே கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

19 பருவம், 6 அணி, 11 மாற்றம்

முதலில் பட்டியலைப் பார்த்துவிடுவோம். 1987 முதல் 1991 வரை கேரள போலீஸ். 1991–92 கொல்கத்தாவின் மோகன் பகான். 1992–93 மறுபடியும் கேரள போலீஸ். 1993–94 மறுபடியும் மோகன் பகான். 1994 முதல் 1997 வரை பஞ்சாபின் பக்வாராவில் ஜே.சி.டி. ஆலை அணி. 1997–98 எஃப்.சி. கொச்சின். 1998–99 மூன்றாம் முறை மோகன் பகான். 1999 முதல் 2001 வரை இரண்டாம் முறை எஃப்.சி. கொச்சின். 2001–02 ஈஸ்ட் பெங்கால். 2002 முதல் 2004 வரை இரண்டாம் முறை ஜே.சி.டி. 2004–05 கோவாவின் சர்ச்சில் பிரதர்ஸ். 2005–06 மறுபடியும் ஈஸ்ட் பெங்கால். அதோடு ஆட்டம் முடிகிறது. அப்போது அவருக்கு வயது 37.

கூட்டிப் பார்த்தால் 19 பருவங்களில் 6 அணிகள், 11 மாற்றங்கள். திருச்சூரிலிருந்து கொல்கத்தா, அங்கிருந்து பக்வாரா, பிறகு கொச்சி, கோவா என்று நாட்டின் நான்கு மூலைக்கும் போயிருக்கிறார்.

இப்படி மாறுகிறவரைப் பற்றி ரசிகர்கள் என்ன சொல்வார்கள் என்பது நமக்குத் தெரிந்ததுதான். நிலையில்லாதவன், காசுக்கு ஆடுகிறவன், சோறு போட்ட இடத்தை மறந்தவன். ஊரில் ஒரு பண்ணையாள் வேலையை விட்டுப் போனால் ஆண்டை சொல்லும் சொற்களும் இவைதான் என்பதைக் கவனியுங்கள்.

அந்தப் பட்டியலையே இன்னொரு விதமாகக் கூட்டினால் வேறொரு செய்தி கிடைக்கிறது. கேரள போலீஸில் 4, பிறகு 1, மொத்தம் 5 பருவங்கள். ஜே.சி.டி.யில் 3, பிறகு 2, மொத்தம் 5. ஆக 19 பருவங்களில் 10 பருவங்கள் ஒரு அரசுத் துறை அணியிலும் ஒரு ஆலை அணியிலும் கழிந்திருக்கின்றன. மோகன் பகானில் அவர் ஒரு தடவை கூடத் தொடர்ந்து 2 பருவங்கள் இருக்கவில்லை. ஈஸ்ட் பெங்காலிலும் அப்படித்தான். நிலையான வேலைகொடுப்பவர் இருந்த இடத்தில் அவர் தங்கியிருக்கிறார். ஆண்டுக்கு ஆண்டு விலை பேசிய இடத்திலிருந்து கிளம்பியிருக்கிறார். அலைபாயும் மனம் என்று இதைச் சொல்வதைவிட, கூலி வேலை தேடிப் போகும் குடும்பங்களின் கணக்கு என்று சொல்வதே பொருந்தும்.

இந்தக் கணக்கு புரிய, அந்தக் காலத்து இந்தியக் கால்பந்தில் ஆட்டக்காரருக்கு யார் யார் கூலி கொடுத்தார்கள் என்று தெரிய வேண்டும். நான்கு வகை முதலாளிகள் இருந்தார்கள். விஜயன் நால்வரிடமும் வேலை பார்த்தவர்.

காக்கிச் சட்டை

விஜயன் சிறு வயதில் திருச்சூர் நகராட்சி ஸ்டேடியத்தில் சோடா விற்றார். பாட்டிலுக்கு 10 பைசா. ஆட்டம் பார்க்க டிக்கெட் வாங்க வசதியில்லாத சிறுவனுக்கு சோடாக் கூடைதான் உள்ளே போகும் வழி. அந்த ஸ்டேடியத்திலேயே டி.கே. சாத்துண்ணி போன்ற பயிற்சியாளர்களின் கண்ணில் பட்டார். 17 வயதில் கேரள போலீஸ் அணி அவரை எடுத்துக்கொண்டது. அப்போது காவல்துறைத் தலைவராக இருந்த எம்.கே. ஜோசப் இதற்கு முக்கியக் காரணம்.

துறை அணி என்றால் என்ன என்று மாணவர்களுக்கு விளக்க வேண்டும். போலீஸ், ரயில்வே, வங்கி, மின்வாரியம், துறைமுகம் போன்ற நிறுவனங்கள் விளையாட்டு ஒதுக்கீட்டில் ஆட்களை எடுத்துத் தங்களுக்கென அணி வைத்திருந்தன. ஆட்டக்காரருக்கு மாதச் சம்பளம் உண்டு, பதவி உயர்வு உண்டு, ஓய்வூதியம் உண்டு. பதிலுக்கு அவருக்குச் சந்தை விலை கிடையாது. எத்தனை கோல் அடித்தாலும் சம்பளம் பதவியைப் பொறுத்ததே. பணியில் கீழ்நிலை என்றால் ஆட்டத்துக்கு வெளியே அந்தக் கீழ்நிலைதான்.

ஒரு தலித் இளைஞனுக்கு இந்தப் பேரம் எப்படித் தெரிந்திருக்கும்? விஜயன் பிறந்த மறு ஆண்டு, 1970 ஜனவரி 1 அன்று, கேரளத்தில் நிலச்சீர்திருத்தத் திருத்தச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. குத்தகை விவசாயிகளுக்கு வயல் கிடைத்தது. குடிசை போட்டிருந்தவர்களுக்குக் கிராமத்தில் 10 சென்ட், நகராட்சியில் 5 சென்ட், பெருநகரில் 3 சென்ட் என்று குடியிருப்பு மனை கிடைத்தது. தலித்துகளில் பெரும்பாலோர் குத்தகைதாரர்கள் அல்லர், வயல் கூலிகள். ஆகவே அவர்கள் கைக்கு வந்தது சென்ட் கணக்கு மனை மட்டுமே. சொத்தில்லாத குடும்பத்துக்கு அரசு வேலைதான் சொத்து. இட ஒதுக்கீட்டுக்காக நாம் இத்தனை ஆண்டு போராடியதும் இந்தக் காரணத்தால்தான்.

கேரள போலீஸ் அணி 1990இல் திருச்சூரிலும் 1991இல் கண்ணூரிலும் ஃபெடரேஷன் கோப்பையை வென்றது. வி.பி. சத்யன், ஷரஃப் அலி, பாப்பச்சன், விஜயன் என்று ஒரு தலைமுறையே அதில் இருந்தது. கொல்கத்தா, கோவா கிளப்புகளின் கோட்டைக்குள் ஒரு தென்னக போலீஸ் அணி நுழைந்தது பெரிய செய்தி. கொல்கத்தா அப்போதுதான் விஜயனைத் தேடி வந்தது.

மைதானத்து ஏலம்

கொல்கத்தாவில் கிளப் என்றால் உறுப்பினர்கள் சேர்ந்து நடத்தும் சங்கம். மோகன் பகான் 1889இல் தொடங்கியது. 1911இல் பெரும்பாலும் வெறுங்காலோடு ஆடி, கிழக்கு யார்க்‌ஷயர் படைப்பிரிவை வென்று ஐ.எஃப்.ஏ. கேடயத்தைத் தட்டிச்சென்ற அணி அது. ஈஸ்ட் பெங்கால் 1920இல் பிறந்தது, கிழக்கு வங்கத்திலிருந்து வந்தவர்களின் அணி. இரண்டும் மோதும் நாளில் ஊர் இரண்டாகப் பிளக்கும். 1997 ஜூலை 13 அன்று சால்ட் லேக் ஸ்டேடியத்தில் இவை மோதிய ஃபெடரேஷன் கோப்பை அரையிறுதியை 1,31,000 பேர் பார்த்தார்கள் என்பது பதிவு.

இவ்வளவு கூட்டம் சேர்த்த விளையாட்டில் ஆட்டக்காரரின் ஒப்பந்தம் பெரும்பாலும் ஒரே ஒரு பருவத்துக்கானது. ஆண்டுக்கொருமுறை மாற்றுக் காலம் வரும். அப்போது ஐ.எஃப்.ஏ. அலுவலகத்தில் போய் ஆட்டக்காரர் கையெழுத்துப் போட வேண்டும். எந்த கிளப்புக்குக் கையெழுத்தோ அந்த வருடம் அந்தக் கிளப். கையெழுத்து நாள் வரும்வரை போட்டி கிளப்பின் ஆட்கள் கண்ணில் படாதபடி ஆட்டக்காரரை ஓட்டலிலோ யார் வீட்டிலோ ஒளித்துவைப்பது மைதானத்து வழக்கம். வங்காளப் பத்திரிகைகள் அதைச் சாகசக் கதை போல எழுதின. நம் கண்ணுக்கு அது வேறு மாதிரி தெரிய வேண்டும். ஒரு தொழிலாளியை விலை படியும்வரை அடைத்துவைப்பது வேலைச் சந்தையில் எந்த நிலையைக் காட்டுகிறது?

அங்கே கிடைத்த பணம் போலீஸ் சம்பளத்தைவிடப் பெரியது, ஐயமில்லை. புகழ் அதைவிடப் பெரியது. ஆனால் அந்தப் பணம் அந்த ஒரு பருவத்துக்குத்தான். முட்டி உடைந்தால் அடுத்த பருவத்துக்கு உத்தரவாதம் இல்லை. 1992இல் விஜயன் போலீஸ் அணிக்குத் திரும்பியதையும், அடுத்த ஆண்டே மறுபடி கொல்கத்தா போனதையும் இந்தப் பின்னணியில் வையுங்கள். ஒரு பக்கம் மாதச் சம்பளம், மறுபக்கம் சந்தை விலை. இரண்டும் ஒருசேரக் கிடைக்காத ஏற்பாட்டில் ஒருவர் இரண்டுக்கும் நடுவே போய்வந்துகொண்டிருக்கிறார்.

ஆலையும் கம்பெனியும்

மூன்றாவது வகை ஆலை அணி. பக்வாராவில் இருந்த ஜகத்ஜித் பருத்தி ஜவுளி ஆலைதான் ஜே.சி.டி. விஜயன் 1994இல் அங்கே போனார். சிக்கிம்காரரான பாய்ச்சுங் பூட்டியா 1995இல் வந்து சேர்ந்தார். தெற்கு மூலையிலிருந்து ஒருவர், வடகிழக்கு மலையிலிருந்து ஒருவர், இடையில் பஞ்சாபி ஆலை அணி. பயிற்சியாளர் சுக்விந்தர் சிங். 1996–97இல் தேசிய கால்பந்து லீக் முதன்முதலாக நடந்தபோது பட்டம் வென்றது இந்த அணிதான். கொல்கத்தாவும் கோவாவும் பார்த்துக்கொண்டு நின்றன.

நான்காவது வகை தனியார் தொழில்முறை கிளப். 1997இல் எஃப்.சி. கொச்சின் தொடங்கியபோது கேரளம் முழுக்கக் கொண்டாட்டம். மலையாளி ஆட்டக்காரர்கள் கூலிக்காக வெளியூர் போக வேண்டாம், சொந்த ஊரிலேயே நல்ல விலை கிடைக்கும் என்பது வாக்குறுதி. விஜயன் வந்தார், அவருடைய திருச்சூர் நண்பர் ஜோ பால் அஞ்சேரி வந்தார். அந்த ஆண்டே மோகன் பகானை வென்று டூரண்ட் கோப்பையைக் கொண்டுவந்தார்கள். கேரளத்துக்கு அதுவே முதல் டூரண்ட்.

ஐந்து ஆண்டு கழித்து அந்தக் கிளப் இல்லை. பணமுடையில் சிக்கி 2002இல் மூடப்பட்டது. போலீஸ் அணியை மூட முடியாது, மோகன் பகானை மூட உறுப்பினர்கள் விடமாட்டார்கள். முதலாளியின் பணத்தில் மட்டும் நிற்கும் கிளப்புக்கு அந்தப் பாதுகாப்பு எதுவும் இல்லை. விஜயன் அதற்கு முன்பே, 2001இல், ஈஸ்ட் பெங்காலுக்குப் போயிருந்தார். அப்போது அவருக்கு வயது 32. ஒரு முன்வரிசை ஆட்டக்காரரின் விலை இறங்கும் வயது அது. அதற்குப் பிறகு ஜே.சி.டி., சர்ச்சில், மறுபடி ஈஸ்ட் பெங்கால் என்று போனதெல்லாம் இறங்கும் விலையோடு நடந்த ஓட்டம். அந்த இறங்குமுகத்தில்தான், 2003இல், ஹைதராபாதில் நடந்த ஆப்பிரிக்க-ஆசிய விளையாட்டில் 4 கோல் அடித்துவிட்டு இந்திய அணியிலிருந்து விடைபெற்றார். அர்ஜுனா விருது கைக்கு வந்ததும் அதே 2003இல்தான். ஆண்டின் சிறந்த வீரர் என்று முதல்முறை அறிவிக்கப்பட்டுப் பத்து ஆண்டுகள் கழித்து.

ஆலை அணியின் கதையும் அப்படியே முடிந்தது. முதல் தேசிய லீக்கின் பட்டத்தை வென்ற ஜே.சி.டி. 2011இல் கலைக்கப்பட்டது. அணி நடத்துவதால் விளம்பரம் கிடைக்கவில்லை என்று நிர்வாகம் நினைத்தால் போதும், அணி போய்விடும். அதில் ஆடியவர்களிடம் யாரும் கேட்பதில்லை.

விட்டுப்போகும் உரிமை

இங்கே நின்று கொஞ்சம் பொதுவாகப் பேச வேண்டும்.

வேலையை விட்டுப்போகும் உரிமை சாதாரணமாகக் கிடைத்த உரிமை அல்ல. தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் 1952இல்தான் வந்தது. கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976இல். நம் கடற்கரைக்கே இந்தக் கதை தெரியும். 19ஆம் நூற்றாண்டில் புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் கப்பலேறியவர்கள் ரீயூனியனுக்கும் மார்த்தினிக்குக்கும் குவாதலூப்புக்கும் ஒப்பந்தக் கூலிகளாகப் போனார்கள். மார்த்தினிக்கில் முதல் கப்பல் சேர்ந்தது 1853இல். அந்த ஒப்பந்தத்தில் கைநாட்டு வைத்தவர் குறிப்பிட்ட ஆண்டுகள் முடியும்வரை தோட்டத்தை விட்டு நகர முடியாது. நகர்ந்தால் தண்டனை. ஒப்பந்தம் என்பது இரு தரப்பும் சமமாக உட்கார்ந்து எழுதும் காகிதம் என்று பாடப்புத்தகம் சொல்லும். நம் முன்னோருக்கு அது வேறு காகிதம்.

கால்பந்திலும் உலகம் முழுக்க இந்தச் சிக்கல் இருந்தது. ஐரோப்பாவில் 1995 வரை ஒப்பந்தம் முடிந்த பிறகும் ஆட்டக்காரரை கிளப் பிடித்துவைக்க முடியும். அடுத்த கிளப் மாற்றுக் கட்டணம் கொடுத்தால்தான் விடுவார்கள். பெல்ஜியத்தின் லியேஜ் அணியில் ஆடிய ழான்-மார்க் போஸ்மான் பிரான்சின் டங்கர்க் அணிக்குப் போக விரும்பினார். ஒப்பந்தம் முடிந்தும் அவருடைய மாற்றம் தடைப்பட்டது. வழக்குப் போட்டார். 1995 டிசம்பர் 15 அன்று ஐரோப்பிய நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. ஒப்பந்தம் முடிந்தால் தொழிலாளி சுதந்திரமானவர் என்ற சாதாரண விதி கால்பந்துக்கும் பொருந்தும் என்று ஏற்க அத்தனை ஆண்டு ஆயிற்று. இன்றைய நட்சத்திரங்களின் கோடிகளுக்குப் பின்னால் அந்த ஒரு தொழிலாளியின் வழக்கு இருக்கிறது. அவருடைய சொந்த ஆட்ட வாழ்க்கை அந்த வழக்கோடு முடங்கிப்போனது.

இந்தியாவில் விஜயன் தலைமுறைக்கு இருந்த நிலை இதற்குத் தலைகீழ். ஒரு பருவ ஒப்பந்தம் என்பதால் விட்டுப்போக முடிந்தது. தங்கியிருக்க உத்தரவாதம் மட்டும் கிடையாது. போகவும் இருக்கவும் இரண்டுக்குமான உரிமை சேர்ந்து கிடைத்தால்தான் ஒரு தொழிலாளி தன் விலையைத் தானே பேச முடியும். பாய்ச்சுங் பூட்டியாவும் ஈஸ்ட் பெங்கால், ஜே.சி.டி., மறுபடி ஈஸ்ட் பெங்கால், இங்கிலாந்தின் பரி, மோகன் பகான் என்று மாறிக்கொண்டே இருந்தவர்தான். ஆகவே மாற்றம் விஜயனின் தனிக்குணம் அல்ல, தொழிலின் அமைப்பு. சாதி வரும் இடம் வேறு. கிளப் மூடினால் திரும்பிப் போக நிலமோ கடையோ குடும்ப வியாபாரமோ இருப்பவருக்கும், சென்ட் கணக்கு மனை மட்டும் இருப்பவருக்கும் ஒரே ஒப்பந்தம் ஒரே அளவு ஆபத்து அல்ல.

ஆட்டக்காரர்களுக்கு என்று ஒரு சங்கம், இந்தியக் கால்பந்து வீரர்கள் சங்கம், பாய்ச்சுங் பூட்டியாவின் முன்முயற்சியில் 2006இல்தான் உருவானது. விஜயன் கடைசிப் பருவம் ஆடி முடித்த ஆண்டு அது. அவருடைய 19 பருவங்களிலும் அவருக்காகப் பேரம் பேச ஒரு தொழிற்சங்கம் இருக்கவில்லை.

நிறத்தால் வைத்த பெயர்

கேரளம் விஜயனைக் 'கறுத்த முத்து' என்று அழைத்தது. வங்காளம் 'காலோ ஹரிண்' என்றது, கறுப்பு மான் என்று பொருள். செரியன் ஜோசப் 1998இல் அவரைப் பற்றி எடுத்த ஆவணப்படத்துக்கும் அதுவே பெயர். இரண்டும் அன்போடு வைத்த பெயர்கள். அந்த அன்பை நான் மறுக்கவில்லை. ஆனால் இரண்டு மாநிலத்துக்காரர்களும் அவர் காலைப் பார்க்கும் முன் தோலைப் பார்த்திருக்கிறார்கள். 1999 தெற்காசிய விளையாட்டில் பூட்டானுக்கு எதிராக ஆட்டம் தொடங்கி 12 வினாடியில் கோல் அடித்தவருக்கு வேகத்தை வைத்து ஒரு பெயர் வைத்திருக்கலாம். வெள்ளைத்தோல் ஆட்டக்காரரை யாரும் வெளுத்த முத்து என்று அழைத்து நாம் கேட்டதில்லை.

தமிழ் சினிமாவும் அந்த உடலை அடியாள், வில்லன் பக்கத்தில்தான் நிறுத்தியது. மலையாளத்தில் ஜெயராஜ் இயக்கிய 'சாந்தம்' அவருக்கு முதன்மைப் பாத்திரம் கொடுத்தது, அந்தப் படம் சிறந்த படத்துக்கான தேசிய விருதையும் பெற்றது. அதையும் சேர்த்துச் சொன்னால்தான் கணக்கு நேர்மையாக இருக்கும்.

உடலை மட்டும் எடுத்துக்கொண்டு ஆளை வெளியே நிறுத்துவதற்கு நம் வரலாற்றில் பழைய எடுத்துக்காட்டு உண்டு. பல்வாங்கர் பாலு, தலித், இந்தியாவின் முதல் பெரும் சுழற்பந்து வீச்சாளர். புனேவில் வெள்ளைக்காரர்களின் கிளப்பில் மாதம் 4 ரூபாய்க்கு மைதான வேலை பார்த்தவர். இந்து ஜிம்கானா அணிக்கு அவருடைய பந்து வேண்டியிருந்தது. ஆட்ட இடைவேளையில் மற்றவர்கள் உள்ளே பீங்கான் கோப்பையில் தேநீர் குடிக்க, அவருக்கு வெளியே மண் குவளை. 1911 இங்கிலாந்துப் பயணத்தில் 100க்கும் மேற்பட்ட விக்கெட் எடுத்தார். அவருக்கு அணித்தலைமை கடைசிவரை கிடைக்கவில்லை. அவருடைய தம்பி விட்டலுக்கு 1923இல்தான் கிடைத்தது. இளம் அம்பேத்கருக்குப் பாலு ஒரு நாயகன். பிறகு அரசியலில் இருவரும் பிரிந்தார்கள். 1937 தேர்தலில் பம்பாயில் காங்கிரஸ் பாலுவை அம்பேத்கருக்கு எதிராக நிறுத்தியது. அம்பேத்கர் வென்றார். ஒரு தலித் வீரரின் புகழை அவருடைய மக்களின் அரசியலுக்கு எதிராகவே பயன்படுத்த முடியும் என்பதை அந்தத் தேர்தல் காட்டியது.

பாலுவின் காலத்துக்கும் விஜயனின் காலத்துக்கும் இடையே நிறைய மாறியிருக்கிறது. விஜயன் இந்தியாவுக்கே தலைமை தாங்கினார். மண் குவளை போய்விட்டது. மாறாமல் இருப்பது ஆட்டம் முடிந்த பிறகு என்ன என்ற கேள்வி.

ஆட்டம் முடிந்த பிறகு

விஜயன் போலீஸுக்கே திரும்பினார். மலப்புறத்தில் மலபார் சிறப்புக் காவல்படையின் துணைக் கமாண்டண்டாக உயர்ந்து, 2025 ஏப்ரலில் ஓய்வு பெற்றார். 2022 முதல் அகில இந்தியக் கூட்டமைப்பின் தொழில்நுட்பக் குழுத் தலைவர் பொறுப்பு. 2025இல் பத்மஸ்ரீ. மோகன் பகானும் இல்லை, கொச்சினும் இல்லை, ஜே.சி.டி.யும் இல்லை; முதுமைக்குக் கை கொடுத்தது முதலில் அவரை எடுத்த அரசு வேலைதான்.

ஆனால் வேலை ஒன்றே எல்லாம் என்றும் சொல்லிவிட முடியாது. அவரோடு கேரள போலீஸில் ஆடிய வி.பி. சத்யன், மாஹேயை ஒட்டிய சொக்லிக்காரர், இந்திய அணியின் தலைவராக இருந்தவர். சென்னையில் இந்தியன் வங்கி அணியில் வேலை இருந்தது. காயங்களோடு ஆடி முடித்த அவர் 2006 ஜூலையில் சென்னையில் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். உடலை ஆடுகளத்தில் செலவழித்த மனிதருக்குச் சம்பளத்துக்கு மேலும் சில வேண்டியிருக்கின்றன. மருத்துவம், துணை, ஆட்டம் நின்ற பிறகும் மதிப்போடு செய்ய ஒரு வேலை. இவற்றை இந்தியக் கால்பந்து யாருக்கும் முறையாகச் செய்து வைக்கவில்லை.

இன்று துறை அணிகள் மெலிந்துவிட்டன. ஆலை அணிகள் போய்விட்டன. 2014இல் தொடங்கிய ஐ.எஸ்.எல்.தான் மேலே இருக்கிறது. அதுவும் 2025 ஜூலையில் கூட்டமைப்புக்கும் வணிகப் பங்காளிக்கும் இடையிலான ஒப்பந்தச் சிக்கலால் நிறுத்திவைக்கப்பட்டது. அடுத்த சில வாரங்களில் பெங்களூரு, சென்னை உள்ளிட்ட கிளப்புகள் ஆட்டக்காரர்களின் சம்பளத்தை நிறுத்தின. எஃப்.சி. கொச்சினில் நடந்தது தனிக்கதை என்று நினைத்தவர்களுக்கு அது பதில்.

இதற்கு நடுவிலும் பிள்ளைகள் வந்துகொண்டே இருக்கிறார்கள். வடசென்னையின் வியாசர்பாடியில், உழைக்கும் மக்களும் தலித் மக்களும் அடர்ந்து வாழும் பகுதியில், உள்ளூர்ப் பயிற்சியாளர்கள் பல ஆண்டுகளாகப் பிள்ளைகளைத் தயார் செய்கிறார்கள். அங்கிருந்து போன நந்தகுமார் சேகர் 2023 ஆகஸ்ட் 12 அன்று டூரண்ட் கோப்பையில் ஈஸ்ட் பெங்காலுக்காக மோகன் பகான் மீது அடித்த ஒரே கோல், நாலரை ஆண்டுக்குப் பிறகு அந்த அணிக்கு அந்த மோதலில் கிடைத்த வெற்றி. விஜயன் ஆடிய அதே கொல்கத்தா, அதே இரண்டு ஜெர்சி.

இங்கே இருக்கும் மாணவர்களிடமும் செயல்பாட்டாளர்களிடமும் மூன்று வேலைகளைக் கேட்டுக்கொள்கிறேன்.

முதலாவது, ஒப்பந்தம். நம் பகுதிப் பிள்ளை ஒருவர் கிளப்பில் கையெழுத்துப் போடப் போகும்போது அந்தக் காகிதத்தைத் தமிழில் படித்துச் சொல்ல ஒருவர் கூடப் போக வேண்டும். எத்தனை மாதம், காயம்பட்டால் சம்பளம் உண்டா, மருத்துவச் செலவு யாருடையது, கிளப் மூடினால் பாக்கி யார் தருவது. சட்டம் படிக்கும் தோழர்கள் இதை எடுத்துச் செய்யலாம்.

இரண்டாவது, அரசு வேலையில் விளையாட்டு ஒதுக்கீடு. துறை அணிகள் மெலிவதை விளையாட்டுச் செய்தியாக மட்டும் பார்க்காதீர்கள். இட ஒதுக்கீட்டுக்குக் குரல் கொடுக்கும் மேடையில் இதற்கும் குரல் வேண்டும். புதுச்சேரியின் காவல்துறை, மின்துறை, கல்வித்துறை எத்தனை ஆட்டக்காரர்களை எடுத்திருக்கின்றன, அதில் நம் பிள்ளைகள் எத்தனை பேர் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம்.

மூன்றாவது, எழுத்து. மோகன் பகானின் 1911 வெற்றியைப் பற்றி நூல்கள் இருக்கின்றன. நம் சேரிகளிலும் குப்பங்களிலும் ஆடிய அணிகளைப் பற்றி ஒரு சிறு நூல் கூட அரிது. உப்பளம் மைதானத்தில் ஆடிய முதியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மாஹேயிலும் காரைக்காலிலும் இருக்கிறார்கள். எந்த அணிக்கு ஆடினார்கள், என்ன கொடுத்தார்கள், முட்டி போன பிறகு என்ன வேலை பார்த்தார்கள் என்று கேட்டு எழுதுங்கள். கோல் எண்ணிக்கையோடு கூலியையும் எழுதுங்கள். அடுத்த ஆண்டு இதே மேடையில் அந்தப் பக்கங்களில் சிலவற்றை யாராவது வாசித்தால் இந்த நினைவுச் சொற்பொழிவுக்குப் பொருள் இருக்கும்.

ஜெய் பீம்.